வியாழன் வரைக்கும்

துலூத்தில் மார்ச் மாதம்.
ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
கடைக்குள் மட்டும் நீச்சலுடை வந்துவிட்டது.

பின்சுவரோரம் தள்ளிவிட்ட குளிர்கோட்டுகளில்
பச்சை ஒன்றின் சீட்டைப் புரட்டுகிறாள் மார்லிஸ்.
நூற்றிருபது டாலர் மேல் எண்பது ஒட்டியிருக்கிறது,
எண்பதின் மேல் நாற்பத்தொன்பது.
நகத்தால் சுரண்டச் சுரண்ட
விலை ஏறிக்கொண்டே போகிறது.

சம்பளம் வியாழக்கிழமை.
மஞ்சள் சீட்டுக்கு அன்றைக்கு இன்னும் பாதி.

அங்குமிங்கும் பார்த்துவிட்டு
ஆண்கள் பகுதியில், ஒருவரும் தொடாத
மூன்று எக்ஸெல் மழைக்கோட்டுகளுக்கு நடுவே
அதை நுழைக்கிறாள்.
கையில் ஏதோ தட்டுகிறது.

பிங்க் நிறத்தில்
சின்னஞ்சிறு பனிக்காலக் கால்சட்டை,
ஐந்து வயதுக்கு இருக்கும்.
அதே மஞ்சள் சீட்டு.
தவறி வந்ததில்லை;
கொக்கியைத் திருப்பி மாட்டி
முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்திருக்கிறார்கள்.

இடம் மாறியவற்றைப் பொறுக்கிக்கொண்டு
தள்ளுவண்டியோடு வருகிறான் கடைப்பையன்.
"ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வீட்டுக்காரருக்குப் பார்க்கிறேன்" என்று
ஒரு மழைக்கோட்டை எடுத்து
இரண்டு கையும் எட்டுமட்டும் விரித்துப் பிடிக்கிறாள்.
அதன் பின்னால் பச்சையும் தெரியவில்லை,
பிங்க்கும் தெரியவில்லை.

பையன் தலையாட்டிவிட்டுப் போகிறான்.

எட்டு வருடமாக இல்லாத வீட்டுக்காரருக்கு
தோள் நல்ல அகலம்.