நடுப்புள்ளி

வலயத்திலிருந்து வந்த பலகைக்கு
ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் விளங்கும்.
பூட்ட வந்த பெடியன் அதைச் சொல்லவில்லை.
மூலைக்கொரு கூட்டல்குறி தொட்டுக் காட்டி
"சரி டீச்சர்" என்று கையொப்பம் வாங்கி
மினிபஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

நாவாந்துறை. தரம் மூன்று. இருபத்தேழு பிள்ளைகள்.
எட்டாத உயரத்தில் மாட்டியதால்
எங்கள் எழுத்தெல்லாம் பலகையின் கீழ்க்கரையில்தான்,
வற்றுக் கடலில் நண்டு நடந்த மாதிரி.

திங்கட்கிழமை, கணக்குப் பாடம்.
கொன்சியும் ருஸ்னாவும் ஒன்றாய் ஓடிவந்தார்கள்,
வெள்ளிக்கிழமை ஓர் அழிறப்பருக்காகக்
கதையை விட்டவர்கள்.
கொன்சி இடப்பக்கம் குத்தினாள்,
ருஸ்னா வலப்பக்கம்.
புள்ளி விழுந்தது நடுவில்,
இருவரும் தொடாத இடத்தில்.

"அது என்ர."
"இல்லை, என்ர."
கொன்சி விரலை உயர்த்தினாள்;
புள்ளி பாதித் தூரம் ஏறியது.
ருஸ்னா இழுத்தாள்;
பாதி இறங்கியது.
பிறகு ஒரு சொல்லும் பேசாமல்
வட்டம் கீறப் பார்த்தார்கள்.
முட்டை வந்தது. கோணல் முட்டை.
வகுப்பு முழுக்க வாங்கில் ஏறி நின்றது, நான் இறக்கவில்லை.

பதினேழும் ஒன்பதும் கூட்டாமலே கிடக்க
பத்தே முக்காலுக்குக் கரண்ட் நின்றது.
ருஸ்னா மட்டும் திரும்பிப் போய்
அந்த இடத்தைத் தொட்டாள்:
"இன்னும் சூடாக் கிடக்கு டீச்சர்."

பழுது அறிவிக்கும் படிவத்தில்
'இரண்டு விரல் பட்டால்
பிழையான இடத்தில் புள்ளி' என்று எழுதினேன்.
'பிழையான' என்பதை வெட்டினேன்.
படிவம் இன்னும் என் கைப்பைக்குள்,
பஸ் டிக்கெட்டுகளோடு.