ஷார்ட்

தண்டையார்பேட்டை ஆபீசில்
மைலேஜ் நோட்டு என் பொறுப்பு.
கிலோமீட்டர் ஒரு காலம், டீசல் ஒரு காலம்,
வகுத்து வருவது ஒரு காலம்.
முதலாளி சொன்ன எண்ணுக்குக் கீழே போனால்
சிவப்பு மையில் 'ஷார்ட்',
சம்பளத்தில் கழிவு.
பதினோரு வருஷமாக
ஒரு ஸ்டியரிங்கைக்கூடத் தொடாமல்
எல்லா வண்டியும் குடிப்பதை அளந்தவள் நான்.

புது டிரெய்லர் தை மாதம் வந்தது.
டர்போ. ஒன்பது கியர்.
லிட்டருக்கு மூன்றே முக்கால் என்று
கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த தாள்
முதலாளியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில்,
லட்சுமி படத்துக்குப் பக்கத்தில்.
தேசப்பன் கொண்டுவந்தது இரண்டு புள்ளி ஒன்று.
மறுவாரமும் அதேதான்.
"டீசலை எங்கடா வித்தே?"
தேசப்பன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
"ஒரு வாட்டி வந்து வண்டில குந்துக்கா.
அப்பால சிவப்புல எழுது."

போனேன்.
மாலை ஆறு மணி, பெட்டியோடு நாற்பது டன்.
திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் சாலையில்
முன்னால் ஒரு பெட்டி, அதற்கு முன்னால் ஒரு பெட்டி,
துறைமுக கேட் வரைக்கும் பெட்டிகளே.
வலது கைப்பக்கம் கருங்கல் கொட்டிய கடல்.
பத்தடி நகர்வோம். நிற்போம்.
பத்தடி.
கிளச் கருகும் வாடை,
அதன்மேல் மணலியிலிருந்து வரும் வாடை.

"பழைய வண்டிக்கு கிரவுன்ல பல்லு கணக்கே வேற.
டயரு ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட்டு ஆறு சுத்து.
ஃபர்ஸ்ட்டுல போட்டுட்டு காலை எடுத்தா
எருமை மாதிரி தானா நடக்கும்.
இதுக்கு நாலுகூட இல்ல.
ஓடவே பொறந்துக்கீது, நடக்கத் தெரியாது."

டர்போ?

"அது தூங்குது."

சைலன்சருக்குப் போகிற புகைதான்
அதன் காற்றாடியைச் சுற்ற வேண்டுமாம்.
விட்ட மூச்சு, வெளியே போகிற போக்கில்
அடுத்த மூச்சை உள்ளே தள்ளிவிட்டுப் போக வேண்டுமாம்.
நின்ற இடத்தில் நிற்கும் வண்டிக்கு
விடுவதற்கு அவ்வளவு மூச்சு ஏது?

எஞ்சினை அணைக்கலாமே என்றேன்.
சிரித்தான்.
"அணைச்சா பிரேக்குக்கு காத்து எறங்கும்.
அது ஏர்றதுக்குள்ள எவனாவது நடுவுல பூந்துடுவான்."

எர்ணாவூரில் ஒரு வீட்டுக்கார அம்மா
நான் கேட்காமலே கழிவறைக் கதவைக் காட்டினாள்.
திரும்பி வந்தபோது
வண்டி விட்ட இடத்திலேயே இருந்தது,
குடித்துக்கொண்டு.

கேட் தாண்டி, பெட்டி இறக்கி, வேறு பெட்டி ஏற்றி,
மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையைப் பிடித்தபோது
மணி நாலரை.
ஆறு. ஏழு. எட்டு.
ஒன்பதில் விழுந்ததும்
முள் ஆயிரத்து முந்நூறில் இறங்கி
பச்சைக் கோட்டுக்குள் படுத்துக்கொண்டது.
அப்போதுதான் கேட்டேன்,
பல் இடுக்கில் காற்றை இழுப்பது போல
மெல்லிய ஒரு விசில்.
எழுந்துவிட்டது.
இத்தனை பாரத்தை இவ்வளவு சத்தமில்லாமல்
இழுக்க முடியும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
இரவு முழுக்கப் பேசிய தேசப்பன்
அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை.
இந்தச் சாலையில் உட்கார்ந்து
எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் நோட்டில் ஸ்கேல் வைத்து
இன்னொரு கோடு இழுத்தேன்.
நின்ற நேரம்: ஏழு மணி நாற்பது நிமிடம்.
பழைய பக்கங்களைப் புரட்டவில்லை.
புரட்டினால் சிவப்பு.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இன்னாம்மா இது, புதுசா ஒரு காலம்?"
"ஆமா சார். காலம்தான்."

கையெழுத்தும் போடவில்லை, அடிக்கவும் இல்லை.
நோட்டு அவர் மேசையிலேயே இருக்கிறது.
நான் எழுதியது பென்சிலில்.
ரப்பரும் அங்கேதான் இருக்கிறது.