இடது சிறுநீரகம், வலப்பக்கம்

இன்று வந்த கோரிக்கை எண் நாலாயிரத்துப் பன்னிரண்டு.
ஓஸ்லோவிலிருந்து யாரோ கேட்கிறார்:
இடது சிறுநீரகம் என்ற சொல்லுக்கு
நீங்கள் தந்திருக்கும் வரையறையில்
'முதுகெலும்பின் இடப்பக்கம் அமைந்தது' என்றிருக்கிறது.
அப்படியானால்
மாற்றிப் பொருத்தியதை எங்கே வைப்பது?

ஹெப்பாள் மேம்பாலத்தைப் பார்த்த நான்காம் மாடியில்
எனக்கு இதுதான் வேலை.
உடம்பில் உள்ளதற்கெல்லாம் ஒரு பெயர், ஒரு எண்,
ஒரு வரையறை, ஒரு தாய்ச்சொல்.
உயிரணு திசுவின் பகுதி, திசு உறுப்பின் பகுதி.
எலிக்கும் எனக்கும் ஒரே பட்டியல்.
சியோலில் ஒருத்தி வெட்டிப் பார்த்ததும்
புனேயில் ஒருவன் சாயமேற்றிப் பார்த்ததும்
ஒன்றுதானா என்று இயந்திரம்
இந்த எண்ணை வைத்துத்தான் கண்டுகொள்ளும்.
அதனால் இங்கே யாருக்கும் ஈரக்குலை நடுங்குவதில்லை.
வயிறு எரிவதில்லை.
கல்லீரல் இருக்கிறது. இரைப்பை இருக்கிறது.

பக்கத்து இருக்கை நாகவேணி எட்டிப் படித்தாள்.
அவள் மொழியில் அது மூத்ரபிண்ட.
எனக்குப் பிண்டம் என்றால் காக்கைக்கு வைப்பது.
"சின்ன விஷயம், சாப்பாட்டுக்கு முன்னால் முடிச்சுடு" என்றாள்.
துப்பட்டாவைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

என்னுடையது இப்போது கே.ஆர்.புரத்தில் இருக்கிறது.
செண்பகவல்லியின் வலது அடிவயிற்றில்,
இடுப்பெலும்பின் பள்ளத்தில்.
அவளுடைய பழைய இரண்டையும் எடுக்கவில்லை.
வேலை பார்க்காத அவை
தத்தம் இடத்தில் சுருங்கிக் கிடக்கின்றன,
அவளுடைய இரண்டு அண்ணன்மாரைப் போல.
ஒருவர் என் கணவர்.

அவரோடு எனக்கு ஒன்பது பொருத்தம் பார்த்தார்கள்.
அவளோடு ஒன்று பார்த்தார்கள்,
குழாயில் என் ரத்தமும் அவள் ரத்தமும் கலந்து.
அதுதான் நின்றது.

தென்காசி வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
அனுமதிக் குழுவின் முன்னால்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்,
நடுவில் கைப்பை.
படிவத்தில் உறவு என்றொரு கட்டம்.
நாத்தனார், கொழுந்தி, ஓர்ப்படி
மூவருக்கும் அங்கே ஒரே ஆங்கிலச் சொல்.
வேலைப் பழக்கத்தில்
இது மூன்றையும் பிரிக்க வேண்டும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"எழுதித் தொலைங்க அண்ணி" என்றாள்.
மூன்று வருடத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

எங்கள் பட்டியலிலிருந்து எதையும் அழிப்பதில்லை.
'வழக்கொழிந்தது' என்று குறிப்போம்,
'இதற்குப் பதில் இதைப் பார்' என்று ஒரு சுட்டு வைப்போம்.
அந்த எண்ணை வேறு எதற்கும் தர மாட்டோம்.
போன மாத ஸ்கேனில் என்னைப் பற்றி எழுதியிருந்தது:
இடது சிறுநீரகம் காணப்படவில்லை.
சுட்டு எதுவும் இல்லை.

மதியம் வரை தட்டிக்கொண்டிருந்தேன்.
வரையறையில் இடத்தை எடுத்துவிடலாம்.
எங்கே இருக்கிறது என்பதை விட்டு
எங்கே உருவாகி வளர்ந்தது என்று எழுதலாம்.
அப்போது அது
எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் இடதுதான்.
ஓஸ்லோக்காரர் ஏற்றுக்கொண்டார்.
பிறகு அவரே கேட்டார்:
"பகுதி என்ற கட்டம்? எதன் பகுதி?"
'உடல்' என்று போட்டேன்.
யாருடைய என்று கேட்கும் கட்டம் எங்களிடம் இல்லை,
நல்லவேளை.

சாயங்காலம் 500D-யில் நின்றுகொண்டே வந்தேன்.
கே.ஆர்.புரம் என்று நடத்துனர் கத்தும்போதெல்லாம்
இல்லாத இடத்தில் ஒன்றும் செய்யவில்லை;
கதையில் வருவது போலெல்லாம் நடப்பதில்லை.
இறங்கவும் இல்லை.

வெள்ளிதோறும் அவளிடமிருந்து ஒரு செய்தி வரும்.
நலமா என்று இருக்காது,
அண்ணி என்றும் இருக்காது.
பரிசோதனைக்கூடம் கொடுத்த எண் மட்டும்.
இன்று: 1.1

நானும் சொல் தேடுவதில்லை.
ஒரு கட்டைவிரல் அனுப்புவேன்.

அது இடதா வலதா
இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.
தெரியவில்லை.