நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள்

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
என்னிடம் இருந்தது ஒரே ஒரு முன்னெழுத்து.
விரித்து எழுதினேன்: அடைக்கலம்.
அப்பாவின் பெயர்.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவர்,
கடலில் கால் நனைக்கவே யோசிப்பார்.

ஒன்பதாம் நாள் லிஸ்பனிலிருந்து மின்னஞ்சல்:
அன்புள்ள திருமதி அடைக்கலம்,
தங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லை.
நான் திருமதி இல்லை,
அடைக்கலமும் இல்லை, ஜெனோவா.
இருந்தும்
ஆம், மன்னிக்கவும் என்று பதில் போட்டேன்.

வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்பதற்கு
முதலாளியின் கடிதம் வேண்டுமாம்.
டென்மார்க்கில் பதினோரு பல் மருத்துவமனைகள்,
அவற்றின் பில்களைச் சரிபார்க்கிறேன்.
யாரோ ஒருவரின் இருபத்தேழாம் எண் கடைவாய்ப் பல்
பாம்பனில் ரயில் தடதடக்கும் நேரம்
என் திரைக்கு வரும்.
அது பிடுங்கப்பட்டதா, அடைக்கப்பட்டதா,
இரண்டு தடவை காசு வாங்கிவிட்டார்களா,
அவ்வளவுதான் எனக்கும் அந்த வாய்க்கும் உறவு.

எங்கிருந்தும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
உண்மைதான்.
மொட்டைமாடியில், சிக்னல் நிற்கும் ஒரே இடமான
தண்ணீர்த் தொட்டி நிழலில்.
உச்சிப்புளி தாண்டும் பஸ்ஸில், மடியில்.
அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்த இரவு
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி நடைவழியில்.
மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று,
கரண்ட் போன பிறகும்
நாற்பது சதவீதம் சார்ஜ் தீரும்வரை.

காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று.
வேல்சாமி ஏட்டு பேனாவைத் திறந்தார்.
அங்கே வேலை கிடைச்சிருக்கா?
இல்ல சார், வேலை இங்கேயேதான் இருக்கு.
அங்கே போய் இதே வேலையைச் செய்வேன்.
பேனாவை மூடினார்.
அப்புறம் எதுக்கும்மா போற?

இந்தக் கேள்வியை லிஸ்பன் கேட்கவில்லை.
வருமானம் கேட்டது, காப்பீடு கேட்டது,
வாடகை ஒப்பந்தம் கேட்டது.
பார்த்தும் இராத ஒரு மூன்றாம் மாடி அறைக்கு
முன்பணம் அனுப்பியிருக்கிறேன்.
புகைப்படத்தில் கதவை மட்டும்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
உள்பக்கம் தாழ்ப்பாள்.
அதை ஏட்டிடம் எப்படிச் சொல்வது.
ஊர் சுத்திப் பாக்கணும் சார் என்றேன்.
அவருக்கு அது பிடித்திருந்தது, எழுதிக்கொண்டார்.

பிரதிகளுக்கு மண்டபம் போவேன்.
முகாமுக்குப் போகும் சாலையில் கிருபாளினியின் கடை,
மெஷின் பழசு, ஆனால் முத்திரைகள் தெளிவாக விழும்.
பக்கம் பக்கமாய்க் கண்ணாடியில் கவிழ்த்தாள்.
மூடியின் ஓரத்தால் கசிந்த வெளிச்சம்
அவள் வளையலைத் தொட்டுத் தொட்டுப் போனது.

ரெண்டு வருசம் இருக்க விடுவாங்களா?
ஆமாம். பிறகு புதுப்பிக்கலாம்.
பிறகு?
ஐந்து வருடம் கழிந்தால் நிரந்தரமாகக் கேட்கலாம்.
ஐஞ்சு, என்றாள்.
முப்பத்தொரு வயது அவளுக்கு.
பிறந்தது இதே மண்டபம், முகாமின் ஆறாவது வரிசை.
வேறொன்றும் சொல்லவில்லை,
பேப்பர் தீர்ந்துவிட்டது, புதுக் கட்டு பிரித்தாள்.

பாஸ்போர்ட் பக்கம் வந்ததும் நின்றாள்.
இது உன் பேரா?
அப்பா பேரு.
இதையா அங்க எல்லாரும் கூப்பிடுவாங்க?
சிரித்தாள், சத்தமாக,
வாசலில் பைக் நிறுத்தியவர் திரும்பிப் பார்க்குமளவு.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

நாலு மணிக்குக் கடை சாத்தணும்,
இன்னைக்குக் கணக்கெடுப்பு, ஆள் நேர்ல நிக்கணும்.
அவசரத்தில் ஒரு பிரதி கோணலாய் விழுந்தது,
என் முகம் பாதி, பெயர் முழுசாக.
அதற்குக் காசு வேண்டாம் என்றாள்.
நான் கை நீட்டுமுன்
தாளைத் திருப்பிப் போட்டு
அடைக்கலத்தின் முதுகில் அன்றைய வரவை எழுதினாள்:
கறுப்பு வெள்ளை முப்பத்தெட்டு, கலர் நாலு,
ஏட்டு வீட்டு ஆதார் பாக்கி.