இதர செலவு

முதல் வருஷம் எல்லாம் சும்மா வந்தது.
கொழும்பிலிருந்து லொறியில், பெட்டி பெட்டியாக
நூற்றிப் பன்னிரண்டு புகை அலாரம்.
படம் எடுத்தார்கள். பனர் கட்டினோம்.
பனர் நாலாயிரம்; அது எங்கள் காசு.

இரண்டாம் வருஷம் படம் எடுக்க யாரும் வரவில்லை.
பெரியகல்லாறு மாதர் சங்கத்தின்
நீலமட்டைக் கொப்பியும் நானும்தான் மிச்சம்.

பற்றரி ஒன்று நானூற்றி இருபது.
பெருக்கினேன்: நாற்பத்தேழாயிரத்து நாற்பது.
வங்கிப் புத்தகத்தில் இருந்தது
ஒன்பதாயிரத்து அறுநூற்றிப் பதினைந்து.
மறுபடியும் பெருக்கினேன்,
பெருக்கல் இரக்கப்படுமா என்று.

வீட்டுக்கு மாதம் இருபது ரூபா என்று தீர்மானம்.
முதல் மாதம் எழுபது வீடு தந்தது,
மூன்றாம் மாதம் பதினெட்டு.
தங்கேஸ்வரி காசுக்குப் பதில் ஆறு முட்டை தந்தாள்.
விற்கக் கொண்டுபோனதில் ஒன்று உடைந்தது.
அந்த ஒன்றை நான்தான் கட்டினேன்.

ஏணி, சந்திக் கடையில் இரவல்.
திருப்பிக் கொடுக்கப் போனால்
ஒரு கிலோ சீனி வாங்காமல் வர முடியாது.
நிரோஜன் ஏறினான், கூலி கேட்கவில்லை.
பதினேழாம் வீட்டில் சறுக்கி, மணிக்கட்டு பிசகி,
மூன்று நாள் மேசன் வேலைக்குப் போகவில்லை.
அவன் தாய் வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனாள்.
'இதர செலவு' என்று எழுதி
தொகையை வெறுமையாக விட்டேன்.

வீடு வீடாகப் போனேன்.
மீன் பொரித்தால் கத்துகிறது,
வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்குக் கத்துகிறது.
"இறால் சுட விடுகுதில்லகா இது" என்று
கழற்றி அரிசி வாளிக்குள் வைத்திருந்தாள் புவிராணி.
இன்னொரு வீட்டில் பெட்டி இருந்தது, பற்றரி இல்லை.
கோயில் திருவிழாவில் பூபாலரத்தினம்
காணாமற்போன சிறுவனின் பெயர் சொல்லிக் கூப்பிட்ட
வயரில்லா மைக்குக்குள் அது இருந்ததாம்.
நானும் கேட்டவள்தான்.
குரல் நல்ல தெளிவு.

கார்த்திகை மழையில் ஒரு இரவு
இதயமலர் வீட்டில் நுளம்புத்திரி மெத்தையில் விழுந்தது.
புருஷன் வாவியில், வலையோடு.
பிள்ளைகள் இரண்டும் ஆழ்ந்த நித்திரை.
அது கத்தியது.
அவள் எழும்பி, குடத்துத் தண்ணீரை ஊற்றி,
பிள்ளைகளை வெளியே விட்டு,
மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு,
பிறகுதான் நடுங்கினாளாம்.
தீயணைப்பு வண்டிக்கு ஒருவரும் சொல்லவில்லை.
எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

படிவம் வந்தது.
'திட்டத்தின் பயன், எண்ணிக்கையில்.'
சின்னச் சதுரம். நெடுநேரம் பார்த்தேன்.
மெத்தை ஒன்று, நட்டம் எட்டாயிரம் என்று எழுதினேன்.
அடுத்த நாள் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயின,
சின்னது, சப்பாத்து ஈரம் என்று அழுதபடி.
அதையும் எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

இப்போது எண்பத்தேழாம் வீடு.
கத்தாருக்குப் போய்விட்டார்கள். வீடு பூட்டு.
உள்ளே பற்றரி இறங்கி
நிமிஷத்துக்கு ஒரு தரம்
கிக்.
பக்கத்து வீட்டுச் சோமலிங்கம்
மூன்று இரவாகக் கண் மூடவில்லை.
"உங்கட சங்கம்தானே பூட்டினது,
நீங்களே நிப்பாட்டுங்க."
சாவி ஏறாவூரில், மச்சாளிடம்.
பஸ் காசு, போக வர.
வெறுங்கையோடு போக ஏலாது, ஒரு பிஸ்கட் பெட்டி.
திரும்பி வந்து ஏணி. ஏணிக்குச் சீனி.
நிரோஜனை இனிக் கேட்க வாய் வராது;
நானே ஏற வேண்டும்.

கொப்பியைத் திறந்தேன்.
பேனை எழுதவில்லை, உதறினேன்.
மதிலுக்கு அப்பால்
கிக்.