எடை மேடை

மில் வாசலில் இருபத்தாறு வருஷம்
லோரி நிறுத்தவன்.
ஏற்றி வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் செம்பனை.
அறுவைக்கு முன் அறுபத்தெட்டு,
பகாவ் திரும்பியபோது நாற்பத்தேழு.
கழித்து வந்ததற்கு
எவரும் ரசீது தரவில்லை.

கணையம் என்றால் பழைய அகராதியில்
கோட்டைக் கதவின் குறுக்கு மரமாம்.
கோலாலம்பூரில் அதன் தலையை வெட்டி
மிச்சத்தைக் குடலோடு தைத்தார்கள்.
அன்றிலிருந்து
தின்றதெல்லாம் நிற்காமல் போகிறது,
தடுத்துக் கேட்க வாசலில் ஆளில்லை.

எண்ணெய்தான் முதலில் ஓடும்.
சட்டையில் எண்ணெய், தலையணையில் எண்ணெய்,
சங்கு ஊதுமுன்பே தெருவெல்லாம் எண்ணெய் வாசம்
என்று இருந்தவன் குனிந்து பார்த்தேன்:
மில்லுக்குப் பின்னால் கழிவுக் குளத்தில் மிதக்குமே
அதே படலம்.
ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.
"என்னங்க சிரிப்பு, தண்ணிய ஊத்துங்க"
கதவுக்கு வெளியே தவமலர்.

அன்றோடு எண்ணெயை அவள் பூட்டி வைத்தாள்.
கஞ்சி. அவித்த கேரட். மறுபடி கஞ்சி.
சுவாதீனமாக வந்து உட்கார்ந்தன
என் கன்னத்தில் இரண்டு பள்ளங்கள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
சத்துணவு பார்க்கும் சிக் ஹஸ்லினா
மாத்திரைப் போத்தலைத் திறக்குமுன்
குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னாள்:
அங்கிள், இது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது,
கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது வழக்கம்.
நான் தவமலரைப் பார்த்தேன்.
வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவள்
கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ரொம்ப நேரம்.
"மருந்து கவுச்சியில சேராது" என்றாள்
யாரிடமும் கேட்காமல்.

முதல் வாயோடு ஒன்று,
பாதியில் ஒன்று.
தின்று முடித்தபின் விழுங்கினால்
பஸ் போனபின் டிக்கெட் எடுத்த கதை.
மூன்று வேளை வேண்டாம், ஆறாகப் பிரி.
பிறகு கோபத்தோடு:
எண்ணெயை நிறுத்தச் சொன்னது யார்?
எண்ணெய் வேண்டும் இந்த உடம்புக்கு.
மிதந்தால் எங்களிடம் சொல்லுங்கள்,
மாத்திரையைக் கூட்டுவோம், சோற்றைக் குறைக்காதீர்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது
குவாலா பிலா தாண்டும்வரை தவமலர் பேசவில்லை.
வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல்
அடுப்பைப் பற்றவைத்தாள்.
இரண்டு மாதம் கழித்து
எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது.
நான் முன்னறையில் இருந்தேன்.
எழுந்து போகவில்லை,
வெடித்து முடியட்டும் என்று இருந்தேன்.

டின் மாவு நூறு வெள்ளிக்கு மேல்.
மில்லில் தொப்பி ஏந்தி மூன்று டின் வாங்கித் தந்தார்கள்.
கோப்பிக்கடை ஆ கியோங்
அரைவேக்காட்டு முட்டையின் ஓட்டைத் தானே தட்டி உடைத்து
"மாத்திரை எங்கே, மாத்திரை?" என்பான்,
கடையே திரும்பிப் பார்க்க.
எல்லா நாளும் இப்படி இல்லை.
சில இரவு ஒன்பது மணிக் கிண்ணத்தை
சுவர்ப்பக்கம் நகர்த்திவிட்டுப் படுப்பேன்.
அவள் திட்டாமல் மூடி வைப்பாள்,
அதுதான் தாங்காது.

போன மாதம் மில்லுக்குப் போனேன்.
என் நாற்காலியில் ரிஸால்.
லோரி இல்லாத நேரம் மேடையில் ஏறி நின்றேன்.
நாற்பது என்றது திரை.
இருபது இருபதாகத்தான் அது எண்ணும்,
அந்த மேடைக்கு
மனுஷன் ஒரு தார் குலைகூட இல்லை.

இன்று மறுபடி ஏறினேன்.
கிளினிக் தராசில் காலையில் ஐம்பத்தொன்று.
இங்கே: அறுபது.
ஒன்பது கிலோ பொய்.
இருபத்தாறு வருஷத்தில்
ஒரு கிலோ பொய்க்கும் கையெழுத்துப் போடாதவன்
"ரசீது அடி ரிஸால்" என்றேன்.

அப்போது பார்த்து மூன்று மணி அலாரம்.
பையில் பிஸ்கட் இரண்டு,
தாளில் மடித்த மாத்திரை.
மேடை நடுவில் நின்றே கடித்தேன்.
பின்னால் குலை ஏற்றிய லோரி
ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.
இரப்பா,
இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.