காரணத்துக்கான கட்டம்

பிப்ரவரியில் நட்டவை நானூறு.
மஞ்சள் டீசட்டை போட்ட வங்கிக்காரர்கள்
ஒரே காலையில் நட்டுவிட்டு,
நாசி லெமாக் பொட்டலம் பிரித்து,
பதாகையைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு
பதினொன்றரைக்கெல்லாம் பஸ் ஏறிவிட்டார்களாம்.
சில கன்றுகளுக்குக் கறுப்புப் பையைக்கூட உரிக்கவில்லை.

ஜூலையில் எண்ண வந்தவர்கள் நாங்கள் மூவர்.
பயிற்சி மாணவர்கள். மாதம் அறுநூறு வெள்ளி.
சங்காட் ஜோங் கடைத்தெருவில்
நாலு நெம்பர் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம்.
கீழே அதிர்ஷ்டம், மேலே நிலப் பாதுகாப்பு;
படி தவறி ஏறி வருபவர்கள் உண்டு.
ஒருத்தர் சுவரில் மர எண் பட்டியலைப் பார்த்து
0217-ஐக் கையில் எழுதிக்கொண்டு இறங்கினார்.
0217 செத்துப்போன மெரந்தி.
நாங்கள் சொல்லவில்லை.

ஆற்றோரம் இருபது மீட்டர்
தோட்டத்துக்குச் சொந்தமில்லை என்று
பதினோரு ஆண்டு கடிதம் எழுதி வாங்கிய துண்டு.
ஒரு பக்கம் செம்பனை,
மறுபக்கம் தேத்தண்ணி நிறத்தில் ஆறு.
சியூ தெங் நாடா பிடிப்பாள்,
தெய்வீகன் எண் கூப்பிடுவான்,
நான் எழுதுவேன்:
மெரந்தி, இல்லை.
பூங்கோர், இல்லை.
கெலாட், இல்லை.
புத்தாட், இருக்கிறது.
கெலாட், இல்லை.
காலுறைக்குள் அட்டை.
புத்தாட், இருக்கிறது.

மூன்று நாளில் முப்பத்தொன்று.
முப்பத்தொன்றும் புத்தாட்.
வேறு சாதியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

வெள்ளம் தாங்கும் வேர் என்றான் தெய்வீகன்.
மண்ணின் புளிப்பு என்று
சியூ தெங் ஒரு வரைபடமே போட்டாள். அழகாக இருந்தது.
நான் இரண்டையும் நம்பினேன்.

நாலாம் நாள் மத்தியானம்
தகடு கட்ட மறந்த ஒன்றுக்காகத்
தனியே திரும்பிப் போனேன்.
முதுகில் பம்பு, வாயில் துணி,
ஓர் ஆள் மருந்து அடித்துக்கொண்டே வந்தார்.
புல், புல், கெலாட்டின் காய்ந்த குச்சி, புல்.
புத்தாட்டிடம் வந்ததும்
குழாயை வானத்துக்குத் தூக்கி,
பிள்ளை தூங்கும் பாயைத் தாண்டுகிறவர் மாதிரி
அரைவட்டம் சுற்றி
அந்தப் பக்கம் போய் மறுபடி அடித்தார்.

எனக்கு வங்காளம் தெரியாது. அவருக்குத் தமிழ்.
இருவருக்கும் பொதுவாகக் கடைத்தெரு மலாய்.
ஏன் அதை மட்டும் விட்டீர்கள்?
துணியை இறக்கினார்.
இது ஹிஜோல். எங்கள் ஊரில்
வெள்ளத்துக்குள்ளேயே நிற்கும். படகு கட்டுவோம்.
மற்றதெல்லாம்?
மண்டோர் எல்லாம் புல் என்றார்.

இது அந்த மரமில்லை, அதற்குப் பங்காளி முறை
என்று பிறகுதான் புத்தகத்தில் பார்த்தேன்.

பெயர் ரொஃபிகுல்.
ஒரு நாளைக்குப் பதினெட்டு பம்பு.
எழுதப் போனேன்;
பேனாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.
பாஸ்போர்ட் ஏஜெண்டு கையில்.
பெர்மிட் நவம்பரோடு முடிகிறது.
எழுதாதே.

படிவத்தில் சாவுக்கு ஆறு கட்டங்கள்:
வறட்சி, வெள்ளம், பூச்சி, பன்றி, மனிதர், தெரியவில்லை.
பிழைத்ததற்குக் கட்டமே கிடையாது.
மனிதர் என்று போட்டால்
எந்த மனிதர் என்று கேட்பார்கள்.
மண்டோர் விரல் நீட்டுவார்,
யாரை நோக்கி என்று தெரியாதா.
தெரியவில்லை என்று போட்டேன்.
முந்நூற்று அறுபத்தொன்பது தடவை.
கடைசிப் பக்கத்தில் கை வலித்தது.

புவான் ரொஸ்லினா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
அறிக்கையைப் புரட்டினார்.
சியூ தெங்கின் வரைபடத்தில் விரல் நின்றது.
இந்த மண்ணுக்குப் புத்தாட்தான், பாருங்கள் என்றார்.
அப்போதே நாற்றங்காலுக்கு போன் போட்டார்:
அடுத்த பிப்ரவரிக்கு நானூறு,
நானூறும் அதே.

நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.
கீழே யாரோ நெம்பர் எடுத்துவிட்டார்கள் போல, ஒரே சத்தம்.

பிப்ரவரியில் அவர் இருக்கவேண்டும்,
நானூறு தரம்
சுற்றி நடக்க.